பார்வைக்கு விற்கப்படும் அகம்: ‘பிக் பாஸ்’ நிகழ்ச்சியும் வீண்பெருமை பற்றிய கிறித்தவச் சிந்தனையும்

விஜய் தொலைக்காட்சியில் 2017 ஜூன் 25 அன்று கமல்ஹாசன் தொகுத்து வழங்கத் தொடங்கிய ‘பிக் பாஸ்’ நிகழ்ச்சியைப் பற்றிக் கிறித்தவ வட்டாரங்களில் எழும் கண்டனம், பெரும்பாலும் போட்டியாளர்களின் உடை, பேச்சு, ஆண் பெண் நெருக்கம் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. நெதர்லாந்தில் 1999-இல் தோன்றிய ‘பிக் பிரதர்’ நிகழ்ச்சியின் வழிவந்த இது, வெளியுலகத் தொடர்பின்றி ஏறத்தாழ நூறு நாள் ஒரே வீட்டில் அடைபட்டிருப்போரைக் கேமராக்களால் கண்காணித்து, பார்வையாளர் வாக்கைக் கொண்டு ஒவ்வொருவராக வெளியேற்றி, இறுதியில் எஞ்சுபவருக்கு 50 லட்ச ரூபாயைப் பரிசாக வைக்கிறது. ஒழுக்கமீறலையும் பரிசுப் பணத்தையும் விட ஆழமான கேடு மனிதரின் அகவாழ்வே இங்குச் சரக்காகிவிடுவதில் உள்ளது என்பதும், கிறித்தவ அறவியல் அதையே முதலில் கேள்விக்கு உட்படுத்த வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பிறருடைய புகழை ஒழுங்கின்றி நாடும் விருப்பமே வீண்பெருமை எனப்படுகிறது. 4-ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைநிலத்தில் வாழ்ந்த துறவி எவாகிரியு, மனத்தைக் கெடுக்கும் எட்டு எண்ணங்களுள் ஒன்றாக அதை வைத்தார். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினா, புகழை விரும்புவது தன்னளவில் பாவமன்று என ஏற்றுக்கொண்டு, அது வீணாகும் மூன்று வழிகளைப் பிரித்துக் காட்டினார்: எதற்காகப் புகழ் தேடப்படுகிறதோ அது புகழத் தகாததாக இருக்கலாம், புகழ்வோரின் தீர்ப்பு நிலையற்றதாக இருக்கலாம், கிடைத்த புகழ் இறைமாட்சிக்கோ அயலார் நலனுக்கோ பயன்படாமல் போகலாம். இவற்றுள் இரண்டாவது வழி இந்நிகழ்ச்சிக்கு மிக நெருக்கமானது. ஒரு முழு நாளின் பதிவு ஏறத்தாழ ஒரு மணி நேரமாகச் சுருக்கப்படும்போது, பார்வையாளர் வாக்களிப்பது படத்தொகுப்பாளர் உருவாக்கிய ஒரு பாத்திரத்துக்கே; அந்தப் பாத்திரத்துக்குக் கிடைத்த கைதட்டலையோ வசையையோ சுமந்துகொண்டு வீடு திரும்புபவர் மட்டும் உயிருள்ள மனிதர்.

அவ்வீட்டிலுள்ள ‘கன்ஃபெஷன் ரூம்’, அதாவது பாவசங்கீர்த்தன அறை, இதைவிடக் கூர்மையான சான்று. 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், ஒவ்வொரு கத்தோலிக்கரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று விதித்தபோதே, கேட்ட பாவத்தை வெளியிடும் குருவுக்குக் கடுந்தண்டனையையும் விதித்தது. தன் குற்றத்தை மட்டுமே சொல்வது, பிறர் குற்றத்தைச் சொல்லாதிருப்பது, சொன்னது அங்கேயே புதைவது ஆகிய மூன்றும் அந்த அருட்சாதனத்தின் அடிப்படைகள். தொலைக்காட்சி அறையிலோ, சக போட்டியாளரின் பெயரையும் குறையையும் சொல்லி அவரை வெளியேற்றப் பரிந்துரைப்பதே பெரும்பாலும் நிகழ்கிறது. அதைக் கேட்போர் லட்சக்கணக்கானோர். மன்னிப்பு என்ற முடிவும் அங்கு இல்லை. ஒப்புரவுக்காக ஏற்பட்ட ஒரு செயல் இவ்வாறு தலைகீழாக்கப்படுவதைக் குட்டைப் பாவாடையைக் கண்டு பதறும் விமரிசனம் கவனிக்கவே இல்லை.

பொருட்பற்று பற்றிய கேள்வியைக் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூரிலிருந்து எழுப்புவது பொருத்தமானது. நெடுஞ்சாலையோர ஜவுளி மொத்தக் கடைகளால் பெயர்பெற்ற இவ்வூருக்குக் கர்நாடக, ஆந்திர எல்லை ஊர்களிலிருந்தும் மக்கள் துணி எடுக்க வருகிறார்கள். துணி விற்பதைக் கிறித்தவம் ஒருபோதும் பழித்ததில்லை. பிலிப்பி நகரில் பவுலின் போதனையை ஏற்றுத் தன் வீட்டைத் திறந்துவிட்ட லீதியா செந்நிற ஆடை வணிகம் செய்தவர். ஓசூரின் வாகன, கைக்கடிகார ஆலைகளில் ஷிப்ட் வேலை செய்பவரும் தம் உழைப்பைக் கூலிக்கு விற்கிறார். ஆனால் ஷிப்ட் முடிந்தபின் அவருடைய தூக்கமும் சண்டையும் கண்ணீரும் அவருக்கே உரியவை. உழைப்பு மனிதருக்காகவே, மனிதர் உழைப்புக்காக அல்லர் என்று இரண்டாம் ஜான் பால் 1981-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் வலியுறுத்திய நெறி பிக் பாஸ் வீட்டில்தான் முறிகிறது. அங்கு விற்கப்படுவது அந்தத் தூக்கமும் சண்டையும் கண்ணீருமே.

ஜான் பனியன் 1678-இல் எழுதிய ‘மோட்சப் பயண’க் கதையில் வரும் மாயச் சந்தையில் வீடு, பட்டம், இன்பம், உயிர், ஆன்மா அனைத்தும் விலைக்கு வருகின்றன, வாங்க மறுத்த இரு பயணிகளை ஊரார் கூண்டில் அடைத்துக் காட்சிப்பொருளாக்குகிறார்கள். அக்கதையைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்தை 1894-இல் தமிழுக்குத் தந்தார். அன்று தண்டனையாக இருந்த கூண்டுக்குள் இன்று போட்டியிட்டு நுழைய வேண்டியிருக்கிறது.

இத்தகைய நிகழ்ச்சிகள் எளியோருக்கு வாய்ப்பளிக்கின்றன என்ற மறுப்பு புறந்தள்ளத்தக்கதன்று. நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் 2018-இல் ‘சூப்பர் சிங்கர்’ பட்டம் வென்றபோது புகழப்பட்டது பயிற்சியால் விளைந்த ஒரு கலை. அக்குவினாவின் முதல் அளவுகோலுக்கு அது நிற்கும். ஆகவே உண்மைநிலை நிகழ்ச்சிகள் அனைத்தையும் ஒரே தராசில் நிறுப்பது அநீதி.

திருச்சபைக்கும் இதில் பங்குண்டு. ஆலயத்துக்கு அளித்த மின்விசிறியிலும் நாற்காலியிலும் பெயர் பொறிப்பவர்கள், புதுநன்மை விழாவைப் படப்பிடிப்பாக மாற்றுபவர்கள், வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற இயேசுவின் போதனையை மறந்துவிட்டே தொலைக்காட்சியைக் குறைகூறுகிறார்கள். 1997-இல் நிறுவப்பட்ட தருமபுரி மறைமாவட்டத்தின் கிருஷ்ணகிரி, பர்கூர், ஓசூர்ப் பகுதிப் பங்குகள், வீடுதோறும் கூடும் அன்பியக் கூட்டங்களில் இந்நிகழ்ச்சிகளை இளைஞர்களோடு வெளிப்படையாக விவாதிக்க வேண்டும். அதற்கு முன், தங்கள் ஆலயச் சுவர்களிலுள்ள நன்கொடையாளர் பெயர்ப் பலகைகளைக் கழற்ற முன்வர வேண்டும்.