லாடம் கழற்றிய குதிரை

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்த மீரியாபெத்தை தோட்டத்தின் லயங்களை மண்சரிவு மூடிய செய்தியை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சில நாட்களின் பின்னர் செய்தி சேகரிக்கச் சென்ற நான், இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பாடசாலை ஒன்றில் எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். இழந்த பொருட்களை விசாரித்தவர்களிடம் அவர் ஒப்புவித்த பட்டியலில், பாத்திரம் பண்டங்களோடு ஒரு குதிரை லாடமும் இருந்தது. நிலைப்படியில் அறைந்திருந்ததாம்.

லயத்தில் ஏது லாடம் என்று கேட்டேன். அவருடைய பாட்டனார் ஒரு துரையின் குதிரைக்காரன்.

மலையகத்துக்குப் புகையிரதம் வந்த பின்னரும் குதிரைக்கு வேலை குறையவில்லை. பாதை 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டியது. பதுளைக்கு வந்து சேர 1924 ஆயிற்று. கொஸ்லந்தைக்கோ அது வரவேயில்லை. பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் வீதியும் மலைக்கு மலை ஏறும் குறுக்குப் பாதைகளுமே அங்கு போக்குவரத்து. சல்லி பரப்பிய வீதியில் நாளும் ஓடினால், குளம்பு வளரும் வேகத்தைவிடத் தேயும் வேகம் மிகும். ஆகவே லாடம் தவிர்க்கமுடியாததாயிற்று. ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை அதைக் கழற்றி, வளர்ந்த குளம்பைச் சீவி, மீண்டும் அறையவேண்டும்.

துரை மோட்டார் வண்டி வாங்கினார். இருபது வயதை நெருங்கிய பெண்குதிரைக்கு வேலை ஓய்ந்தது. சுடவும் மனமில்லை, லாடத்துக்குச் செலவழிக்கவும் மனமில்லை; “கழற்றிவிடு” என்பது உத்தரவு. அன்றே கழற்றி மேயவிட்டிருந்தால் அது நொண்டியிருக்கும் என்பது பாட்டனாருக்குத் தெரிந்திருந்தது. பெரியவர் சொன்னதை என் குறிப்பேட்டில் இருந்தபடியே தருகிறேன்:

“மழைக்காலத்துல கழட்டப்படாதுங்க ஐயா. குளம்பு ஊறிப் போயிரும். கச்சான் காத்து வீசுறப்பதான் கழட்டணுமாம். பொம்பள புள்ள சுமக்கிற மாதிரி பத்து மாசம் பொறுக்கணும்னு தாத்தா சொல்லும்.”

பத்து மாதம் என்பதை அப்போது ஒரு பேச்சு வழக்காகவே எடுத்துக்கொண்டேன். பின்னர் வாசித்தபோது வியப்பாயிருந்தது. குதிரையின் குளம்புச் சுவர் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீற்றர் வளர்கிறது. மயிர்க்காலின் விளிம்பில் தோன்றும் புதுக் குளம்பு கீழிறங்கி நிலத்தைத் தொட ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்கள் வேண்டும். ஆணி துளைத்த பகுதி முழுவதும் வளர்ந்து வெளியேறும் வரை ஓரங்கள் பிளவுபடும். லாடம் பாதத்தை நிலத்திலிருந்து உயர்த்தி வைத்திருந்தமையால் உள்ளங்கால் தடித்திராது. நடுவே ஆப்பு வடிவில் உள்ள மென்பகுதியும் எடை தாங்கிப் பழகியிராது. கிழக்குதிரைக்கு வளர்ச்சி மந்தம், மூட்டிலும் பிடிப்பு.

பாட்டனார் கையாண்ட முறை எளிமையானது. ஓரத்தை அரத்தால் உருட்டி ராவினார், கூராக விட்டால் பிளக்கும் என்பதால். முதலில் புல்தரையில் மட்டும் நடத்தினார், பிறகு மண்பாதை, பல மாதங்கள் கழித்தே சல்லி. அடி எடுத்து வைக்கத் தயங்கினால் அன்று நடை இல்லை. வேலையற்ற குதிரைக்குக் கொள்ளு ஆகாதென்று அதையும் குறைத்தாராம். மாச்சத்து மிகுந்த தீனி குளம்பழற்சிக்கு இட்டுச் செல்லும் என்று இன்றைய கால்நடை வைத்தியரும் சொல்கின்றனர். அந்த நோய் கண்ட குதிரைக்கு வைத்தியரைக் கேளாமல் லாடம் கழற்றுவது ஆபத்து. வசதியுள்ள நாடுகளில் இப்போது இடைக்காலத்துக்கு இரப்பர் காலணி மாட்டுகிறார்கள்.

ஆணி அறையும் லாடம் குதிரையின் பிறப்போடு வந்ததன்று. கிரேக்கரான செனபோன் கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் எழுதிய குதிரை நூலில் லாடமே இல்லை. லாய முற்றத்தில் உருண்டைக் கற்களைப் பரப்பிக் குளம்பை இறுகச் செய்யுமாறு கூறுகிறார். நமது நெடுந்தீவில், ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் முருகைக்கல் தரையில் லாடமின்றியே திரிகின்றன. மறுபக்கம், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றிச் சொல்லும் மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு 2000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்க முனைந்தும் ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சவில்லை என்கிறார். பராமரிப்பு அறியாமையோடு, லாடமடித்து வைத்தியமும் பார்ப்போர் இல்லாமை காரணமாம். அத்தகையோர் வந்துவிடாதபடி குதிரை வணிகரே தடுத்தனராம். பயணியின் கணக்கில் மிகை இருக்கலாம். வணிகர் குடும்பத்தில் பிறந்தவராகையால் வியாபாரியின் மனத்தைப் பற்றி அவர் சொல்வதை நம்பலாம்.

குதிரை தேறிவிட்டது. ஓராண்டின் பின்னர் கல்லுப்பாதையில் தயங்காமல் நடந்ததாம்.

“அப்போ உங்கள் தாத்தா காலில் என்ன போட்டிருந்தார்?” என்று கேட்டேன். பெரியவர் சிரித்தார். துரை குதிரையில் போகும்போது கூடவே ஓடியவர் அவர், வெறுங்காலோடு. பாதம் முழுக்கப் பித்தவெடிப்பு. கடைசிக் காலத்தில் உடம்பு வெளுத்து, மூச்சு வாங்கி, வேலைக்குப் போகமுடியாமல் கிடந்தாராம்.

என்ன நோய் என்று பெரியவருக்குத் தெரியாது. நானும் தீர்ப்புச் சொல்ல மருத்துவன் அல்லன். ஆனால் வெறும் பாதத்தின் தோலைத் துளைத்துப் புகுந்து இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு அக்காலத் தோட்டங்களில் பெருவாரியாக இருந்தது. றொக்பெல்லர் நிறுவனத்தார் 1916இல் இலங்கைத் தோட்டங்களில் அதற்கெதிரான இயக்கத்தைத் தொடங்கினர். மருந்து கொடுப்பதற்கு உடன்பட்ட தோட்ட முதலாளிகள் கழிப்பறை கட்டும் செலவுக்குத் தயங்கினர். அசுத்தமான மண்ணில் வெறுங்காலுடன் நடப்பவருக்கு மருந்தால் எத்தனை நாள் பயன்?

கழற்றிய நான்கு லாடங்களில் ஒன்றைப் பாட்டனார் நிலைப்படியில் அறைந்தார். மற்ற மூன்றையும் கொல்லுப்பட்டறையில் கொடுத்துப் புல் சுரண்டும் சுரண்டியாக அடித்துக்கொண்டார். நிலைப்படி லாடம் மண்ணுக்குள் போயிற்று. சுரண்டி அன்று காலை மகனோடு மலைக்குப் போயிருந்தது. பாடசாலை வகுப்பறையின் மூலையில், உடுப்பு மூட்டைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்ததைப் பெரியவர் எடுத்துக் காட்டினார்.