70 வயசு கார், 14,000 கி.மீ. பயணம்... டிரைவர் அசராமல் இருப்பது எப்படி?

பெய்ஜிங்கில் கிளம்பி பாரிஸ் வரை காரிலேயே போக வேண்டும். கார் உங்கள் தாத்தா காலத்துடையது. ஏ.சி கிடையாது, பவர் ஸ்டியரிங் கிடையாது, சில கார்களுக்குக் கூரையே கிடையாது. 2024 மே மாதம் கிளம்பிய 'பீக்கிங் டு பாரிஸ்' ராலியில் கலந்துகொண்டவர்கள் ஐந்து வாரங்களுக்கும் மேலாக இப்படித்தான் ஓட்டினார்கள். மொத்த தூரம் சுமார் 14,000 கி.மீ.

இது புதுசாக முளைத்த விபரீத ஆசை இல்லை. 1907 ஜூன் 10-ம் தேதி இதே பீக்கிங்கில் 5 வண்டிகள் கிளம்பின. இத்தாலிய இளவரசர் ஷிப்பியோனே போர்கேஸேயின் 'இடாலா' கார் சரியாக இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 10 அன்று பாரிஸ் போய்ச் சேர்ந்து ஜெயித்தது. அந்த காரில் இருந்தவர்கள் மூன்று பேர்: இளவரசர், அவருடைய மெக்கானிக் எத்தோரே குயிட்சார்டி, அப்புறம் வழியெல்லாம் தந்தி அடித்துச் செய்தி அனுப்பிய பத்திரிகையாளர் லூயிஜி பார்ட்ஸினி. (நம்ம தொழில்காரர் ஒருத்தர் உள்ளே இருந்திருக்கிறார் என்பதில் ஒரு சின்ன பெருமை!)

இந்த மாதிரி பயணம் என்றதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "கார் தாங்குமா?" என்பதுதான். உள்ளே உட்கார்ந்திருக்கிற ஆள் தாங்குவாரா என்பதை யாரும் யோசிப்பதில்லை. ஆனால், அனுபவமுள்ள டீம்கள் ஸ்பேர் பார்ட்ஸ் லிஸ்ட் போடும்போதே தூக்கத்துக்கும் பிளான் போட்டுவிடுகின்றன. காரணம் ரொம்ப சிம்பிள். அசந்துபோன டிரைவருக்குத் தான் அசந்துபோனதே தெரியாது.

பழைய கார் ஏன் அதிகம் களைப்பாக்குகிறது?

இன்றைய காரில் 500 கி.மீ. ஓட்டுவதும், 1950-களின் காரில் 500 கி.மீ. ஓட்டுவதும் ஒன்றல்ல. அந்தக் காலத்து கிராஸ்-பிளை டயர்கள் ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு வரிப்பள்ளத்தையும் பிடித்துக்கொண்டு அது போகிற பக்கம் இழுக்கும். ஸ்டியரிங்கில் கொஞ்சம் ஆட்டமும் இருக்கும். ஆக, நேர் ரோட்டில்கூட கை சும்மா இருக்க முடியாது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று நாள் முழுக்கத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். கிளட்ச் கனமாக இருக்கும். டிரம் பிரேக் உடனே பிடிக்காது என்பதால், ரொம்ப தூரம் முன்னால் பார்த்து யோசித்தே ஓட்ட வேண்டும். இன்ஜின் சூடு காலடியில் இறங்கும். மங்கலான ஹெட்லைட்டில் ராத்திரி ரோட்டை உற்றுப் பார்த்துப் பார்த்தே கண் எரிந்துவிடும்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்கள் பலவற்றில் இன்னொரு வில்லங்கம் உண்டு. ஆக்ஸிலரேட்டர் நடுவில் இருக்கும், பிரேக் வலது பக்கம். தெளிவாக இருக்கும்போது மூளை இதைச் சமாளித்துவிடும். களைத்துப்போனால் கால் பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடும். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திறந்த காரில் காற்றும் இன்ஜினும் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அதனால்தான் பல டீம்கள் ஹெட்செட் வைத்த இன்டர்காம் பயன்படுத்துகின்றன. அது வெறும் அரட்டைக்கு இல்லை. வளவளவென்று பேசிக்கொண்டு வந்த டிரைவர் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல ஆரம்பித்தால், அதுவே முதல் மணி.

களைப்பு மாதிரி நடிக்கும் விஷம்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பழைய கார்களில் சைலன்சர் இணைப்புகளில் கசிவு வருவது சகஜம். தரைப்பலகையில் இருக்கும் ஓட்டைகள் வழியாகப் புகை உள்ளே வரும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், சொக்கல் என்று அதன் அறிகுறிகள் எல்லாம் அசதியின் அறிகுறிகள் மாதிரியே இருக்கும். "நேத்து சரியா தூங்கலை" என்று நினைத்து ஒரு காபி குடித்துவிட்டு மறுபடி அதே விஷப்புகைக்குள் போய் உட்காருவதுதான் பெரிய ஆபத்து.

டிரைவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிக்கிறதா? அதைக் களைப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உடனே ஓரங்கட்டி, இன்ஜினை ஆஃப் பண்ணிவிட்டு, வெளியே காற்றோட்டமான இடத்துக்கு வந்துவிடுங்கள். தலைவலி தீரவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கசிவைச் சரிசெய்யாமல் அந்த காரைத் தொடவே கூடாது. பேட்டரியில் ஓடும் சின்ன கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று காரில் இருப்பது நல்லது.

மூளை சொல்லும் பொய்

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவிகிதம் ஆல்கஹால் இருப்பவருடைய அளவுக்குக் குறைந்துவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம்ம ஊர் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட எல்லை 0.03 சதவிகிதம்தான். அதாவது, காலை 6 மணிக்கு எழுந்து வேலைக்குப் போய்விட்டு ராத்திரி 11 மணிக்கு ஸ்டியரிங் பிடிப்பவர், ஒரு சொட்டு குடிக்காமலே அந்த எல்லையைத் தாண்டியவர் மாதிரிதான்.

கண் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடிகள் அணைந்துபோவதும் உண்டு. 80 கி.மீ. வேகத்தில் 4 விநாடி என்றால் கிட்டத்தட்ட 90 மீட்டர். அந்த 90 மீட்டரை யாரும் ஓட்டவில்லை!

பல நாள் ராலிகளில் வேறொரு சிக்கல். 2003-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரம் தினமும் 6 மணி நேரத்துக்கு மேல் தூங்கவிடாமல் சிலரை வைத்திருந்தார்கள். கடைசியில் அவர்களுடைய கவனம், ஒன்றிரண்டு ராத்திரி கண்ணே மூடாதவர்கள் அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனால், கேட்டால் "பெருசா ஒண்ணும் தூக்கம் வரலையே" என்ற அளவில்தான் பதில் சொன்னார்கள். ராலியின் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் நடப்பது இதேதான். சாயங்காலம் கார் ஹோட்டல் வாசலுக்கு வந்துவிடும். ஆனால் ஸ்பிரிங் உடைந்திருக்கும், ரேடியேட்டர் ஒழுகும். பார்க்கிங்கில் டார்ச் வெளிச்சத்தில் ரிப்பேர் முடிய நள்ளிரவாகிவிடும். மறுநாள் விடியற்காலை மறுபடி ஸ்டார்ட். இந்தப் பயணங்களில் தூக்கத்தைத் தின்பது ரோடு இல்லை, ராத்திரி ரிப்பேர்தான். அதனால்தான் கெட்டிக்கார டீம்கள் மதியமே ஒருமுறை நட்டு போல்ட்டை எல்லாம் பார்த்துவிடுகின்றன. ரிப்பேர் இரவுக்கு மறுநாள் முதல் ஷிஃப்டை மற்றவர் எடுத்துக்கொள்கிறார்.

மாத்திரையும் தங்கையும்

1955 மில்லே மிலியா பந்தயம். இத்தாலிய ரோடுகளில் சுமார் 1,600 கி.மீ. மெர்சிடீஸ் ஓட்டிய ஸ்டர்லிங் மாஸ் 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் முடித்து ஜெயித்தார். அதற்கு முன், சக வீரர் ஃபாஞ்சியோ கொடுத்த ஒரு மாத்திரையை அவர் போட்டுக்கொண்டது பிரபலமான கதை. ஜெயித்த கையோடு, அன்று ராத்திரியே ஜெர்மனிக்கு கார் ஓட்டிக்கொண்டு போனார். கேட்க ஜோராக இருக்கும். தயவுசெய்து ஃபாலோ பண்ணாதீர்கள். அந்த மாதிரி மாத்திரைகள் தூக்கத்தைத் தீர்ப்பதில்லை, மறைத்துத்தான் வைக்கின்றன. இன்று அவற்றுக்கு ஊக்கமருந்துத் தடை இருக்கிறது.

அந்தக் கதையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பக்கத்து சீட்டை. அங்கே இருந்த டெனிஸ் ஜென்கின்சன், வழியின் ஒவ்வொரு வளைவையும் 5 மீட்டருக்கும் நீளமான காகிதச் சுருளில் எழுதி வைத்து, கை ஜாடையில் சொல்லிக்கொண்டே வந்தார். மாஸ் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. டிரைவரின் தலைச்சுமையில் பாதியை வேறொருவர் தூக்கிக்கொண்டார்.

மாஸின் தங்கை பாட் மாஸ் இன்னும் ஒருபடி மேல். 1960-ல் லீயேஜ்-ரோம்-லீயேஜ் ராலி. கிட்டத்தட்ட நிற்காமல், சுமார் நான்கு நாள் ராப்பகலாக ஓட்ட வேண்டியது. தோழி ஆன் விஸ்டமோடு சேர்ந்து ஆண்கள் அத்தனை பேரையும் முந்தி ஜெயித்தார். இரண்டு பேர், ஒரு கார். அவ்வளவுதான் ஆயுதம்.

என்ன செய்கிறார்கள்?

முதல் விஷயம், டிரைவர் மாற்றத்தைக் கடிகாரம்தான் முடிவு செய்ய வேண்டும், மூடு இல்லை. இரண்டு மணி நேரம் என்று பேசிக்கொண்டால் இரண்டு மணி நேரம்தான், "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாலும் சரி. இரண்டாவது, நிறுத்தச் சொல்லும் அதிகாரம் ஓட்டாதவரிடம் இருக்க வேண்டும். அவர் சொன்னால் எதிர்த்துப் பேச்சு கிடையாது. இதைக் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். ராத்திரி 3 மணிக்கு நடுரோட்டில் பேசினால் சண்டைதான் வரும்.

ஓட்டாதவருக்கும் களைக்கும். இந்த ராலிகளில் சீக்கிரம் போனாலும் பெனால்டி, லேட்டாகப் போனாலும் பெனால்டி. அந்தக் கணக்கெல்லாம் அவர் பொறுப்பு. சாதாரணக் கூட்டலில் தப்பு வந்தால், அடுத்த ஷிஃப்ட் அவருக்குக் கொடுக்கக் கூடாது. ஓடும் காரில் தூங்குவதாக இருந்தால் சீட் பெல்ட்டோடுதான். பழைய சீட்டுகளுக்குத் தலைசாய்ப்பு இருக்காது என்பதால் கழுத்துத் தலையணை அவசியம்.

ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகம் கழுவுவது எல்லாம் கொஞ்ச நேரம்தான். நிஜமாக வேலை செய்வது குட்டித் தூக்கமும் காஃபினும். காபியைக் குடித்த உடனே கண்ணை மூடிவிட வேண்டும். காஃபின் ஏற அரை மணி நேரம் வரை ஆகும். அதற்குள் 15, 20 நிமிடம் தூங்கி எழுந்துவிடலாம். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய், எழும்போது இன்னும் மந்தமாக இருக்கும். மதியச் சாப்பாடு வயிறு நிறைய வேண்டாம். உடலே தூங்கக் கேட்கும் நேரங்கள் இரண்டு: அதிகாலை 2 முதல் 6 வரை, மதியம் 2 முதல் 4 வரை. முடிந்தவரை கஷ்டமான ரோடுகளை அந்த நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் பாரிஸுக்குப் போகப்போவதில்லை, தீபாவளிக்கு சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குத்தான் என்றாலும் இதே கணக்குதான். டிரைவர் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் நீங்கள் என்றால், போனை வைத்துவிட்டு அவரைப் பாருங்கள். கொட்டாவி, லேன் விட்டு லேன் நகர்வது, "டோல்கேட் எப்போ தாண்டினோம்?" என்ற கேள்வி, இதில் எது வந்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள். ஹைவே ஓரத்தில் நிறுத்தித் தூங்க வேண்டாம், பின்னால் வருகிற லாரிக்காரரும் தூக்கத்தில் இருக்கலாம். பெட்ரோல் பங்க், வெளிச்சமான ஹோட்டல் வாசல் என்று ரோட்டை விட்டு உள்ளே போய் நிறுத்துங்கள். எழுந்ததும் உடனே சாவியைத் திருப்பாமல், இறங்கி ஒரு பத்து நிமிடம் நடந்துவிட்டுக் கிளம்புங்கள்.