கத்தரித்து நேராக்கிய கதைகள்

அபின் கூடமொன்றில் ஒருவன் மயங்கிக் கிடக்கிறான். எங்கோ தொலைபேசி அடிக்கிறது. காட்சி மாறி, கொட்டும் மழையில் தெருவில் கிடத்தப்பட்ட பிணங்கள் தெரிகின்றன. அதுவும் போய் மதுவிலக்கு ஒழிந்ததைக் கொண்டாடும் விருந்து வருகிறது. மணி மட்டும் நின்றபாடில்லை. யார் யாரை அழைக்கிறார்கள், இது எந்த வருடம் என்று பிடிபட வெகுநேரமாகும். செர்ஜியோ லியோனேயின் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் அமெரிக்கா' படத்தின் தொடக்கப் பகுதி இது. 1984 கான் விழாவில் 229 நிமிடம் ஓடிய படம், அதே ஆண்டு அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தபோது 139 நிமிடமாகச் சுருங்கியிருந்தது. நீளத்தைக் குறைத்ததோடு விடவில்லை. முன்னும் பின்னும் போய்வந்த கதையைச் சிறுவயதில் தொடங்கி முதுமையில் முடியும்படி வரிசையாக அடுக்கியும் விட்டார்கள். ஜனங்கள் குழம்பக் கூடாதே என்ற கரிசனம்தான். படம் படுத்துவிட்டது.

இங்கே கொசுவத்திச் சுருளைச் சுற்றி 1916க்குப் போகலாம்.

டி. டபிள்யூ. கிரிஃபித் அந்த ஆண்டு எடுத்த 'இன்டாலரன்ஸ்' மௌனப் படத்தில் நான்கு கதைகள்: பாபிலோனின் வீழ்ச்சி, ஏசுவின் காலம், 1572இல் பிரான்சில் நடந்த படுகொலை, சமகால அமெரிக்கா. ஒன்றை முடித்து இன்னொன்றைத் தொடங்கியிருந்தால் யாருக்கும் சிரமமில்லை. அவரோ நான்கையும் மாற்றி மாற்றி ஓடவிட்டார். பார்ப்பவர்கள் வழி தவறக் கூடாதென்று ஒவ்வொரு காலத்துக்கும் தனி வண்ணச் சாயம் ஏற்றினார். நடுநடுவே தொட்டிலாட்டும் ஒரு பெண்ணையும் காட்டினார். அப்படியும் வசூல் தேறவில்லை. 1919இல் பாபிலோனையும் அமெரிக்கக் கதையையும் பிரித்தெடுத்து இரண்டு தனிப் படங்களாக வெளியிட்டார். நஷ்டம் அதிலும் ஈடாகவில்லை.

குழப்பம் கொட்டகையில்தான் வரும் என்றில்லை. அகிரா குரோசவா 1950இல் 'ராஷோமோன்' படப்பிடிப்பைத் தொடங்கும் முன்பே, அவருடைய உதவி இயக்குநர்கள் மூவர் திரைக்கதையோடு வந்து, ஒன்றும் புரியவில்லை என்றார்கள். ஒரே சாவை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள், எதுதான் உண்மை? மனிதன் தன்னிடமே உண்மையாக இருக்க முடியாதவன், அதுதான் கதை என்று விளக்கினார் குரோசவா. இருவர் சமாதானமானார்கள், ஒருவர் கடுப்போடுதான் திரும்பினார். மறு ஆண்டு வெனிஸில் அந்தப் படத்துக்குத் தங்கச் சிங்கம் கிடைத்தது.

அந்தப் படம் பார்த்த உந்துதலில் வீணை எஸ். பாலசந்தர் இயக்கி, 1954இல் ஏவி.எம். வெளியிட்டது 'அந்த நாள்'. 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டதற்கு மறுநாள், ரேடியோ இன்ஜினீயர் ராஜன் சுடப்பட்டுச் சாகிறான். ராஜனாக நடித்தவர் சிவாஜி. படம் தொடங்கிய கையோடு சிவாஜி காலி! அப்புறம் ஜாவர் சீதாராமனின் சி.ஐ.டி. அதிகாரி ஒவ்வொருவராக விசாரிக்க, செத்தவன் ஒவ்வொருவர் வாக்குமூலத்திலும் வேறொரு ஆளாக எழுந்து வருகிறான். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டையும் இல்லை. முதல் வெளியீட்டில் வசூல் ஏமாற்றியது. தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்ற பிறகுதான் மரியாதை கூடியது.

ரசிகர்களுக்கு மூளை போதவில்லை என்று இதற்கு விளக்கம் சொல்வது சோம்பேறித்தனம். திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதத்தை நடுவிலிருந்து எடுத்து, துகிலுரிதலை மட்டும் விடிய விடியக் கூத்தாக ஆடினாலும் யாரும் குழம்புவதில்லை. கதை தெரியும், வந்திருப்பது யார் என்று சொல்லக் கட்டியங்காரனும் இருக்கிறான். சினிமா இந்தக் கட்டியங்காரன் வேலையை வேறு உருப்படிகளுக்குக் கொடுத்தது. கலங்கி அலையடிக்கும் பிம்பம், நரைத்த தலை மறைந்து கருத்த தலை தோன்றுவது, 'அது ஒரு காலம்' என்று பெருமூச்சு விடும் பாட்டி. ஒரு தலைமுறை ரசிகர்களை இந்த அடையாளங்களுக்குப் பழக்கிவிட்டு, திடீரென்று அவற்றைப் பிடுங்கிக்கொண்டால் திணறத்தான் செய்வார்கள். 1954இல் சிவாஜி படமென்று டிக்கெட் வாங்கியவருக்கு வரிசை குலைந்தது மட்டுமா அதிர்ச்சி? நாயகனே முதலில் செத்து, தேசத்துரோகியாகவும் முடிகிறானே!

கிறிஸ்டோபர் நோலன் 2000இல் 'மெமெண்டோ'வின் வண்ணக் காட்சிகளைப் பின்னோக்கி ஓட்டினார். நினைவு மறந்துபோகும் நாயகனை 2005இல் 'கஜினி'க்குக் கொண்டுவந்த ஏ.ஆர். முருகதாஸ் அந்த விளையாட்டுக்குப் போகவில்லை. நாயகனின் டைரியைப் பிறர் படிப்பதாக வைத்து, பழைய கதைக்கு வழி திறந்தார். படம் ஓடு ஓடென்று ஓடியது. அதற்கு முந்தைய ஆண்டே கமல் 'விருமாண்டி'யில் ஒரே சம்பவங்களை இரண்டு கைதிகளின் வாயால் இருமுறை சொல்லியிருந்தார். பேட்டி எடுப்பவரின் கேமரா முன்னால் யார் உட்கார்ந்து பேசுகிறார் என்பது தெளிவாக இருந்ததால், கொத்தாளத் தேவர் அளக்கிற கதையையும் அதற்கு விருமாண்டி சொல்லும் பதிலையும் தமிழ்நாட்டு ரசிகர்கள் சிரமமில்லாமல் பிரித்துப் பார்த்தார்கள். லியோனேயின் படத்தில் இன்று ரசிகர்கள் தேடிப் பார்ப்பதும் அந்த 139 நிமிடப் பதிப்பை அல்ல, குழப்பும் என்று பயந்த நீளப் பதிப்பைத்தான்.