அரைஞாணும் சல்லடமும்

ஆடை வரலாறு எழுதப் புகுவோர் பட்டினையும் பொன்னினையும் விரித்துரைப்பர். குழவியரின் அரைத்துணியைப் பொருட்படுத்துவார் மிகச் சிலரே. பொருநை கடலொடு கலக்குமிடத்திற்குத் தெற்கே, உப்பளங்கள் சூழ்ந்த ஆறுமுகநேரியை உள்ளிட்ட நெல்லைக் கடற்கரையை நோக்கி, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நேர்ந்த மாற்றத்தை ஈண்டு ஆராய்வாம்.

தமிழ்க் குழவியரின் முதல் அரையணி அரைஞாணே. பெண்மகவுக்கு அதனில் அரசிலை வடிவான வெள்ளி அரைமூடி கோக்கப்பெற்றது. சற்று வளர்ந்த சிறுவனுக்குக் கோவணத்தின் இரு தலைப்பும் முன்னும் பின்னும் அக்கயிற்றிலேயே செருகப்பெற்றன. ஆகவே, அரைஞாண் வெற்றணி அன்று. உள்ளுடையைத் தாங்கும் உறுப்பும் ஆகும். இதனை ஓராதார் நம் சிறாரை ஆடையற்றவர் என்றெழுதினர். தைத்த துணி ஒன்றையே ஆடையெனக் கொண்டமையால் விளைந்த பிழை அது. உடுத்தலின் படிநிலைகளைத் தமிழ் இல்லம் தன் முறையில் வகுத்திருந்தது.

தைத்த அரையுடையும் தமிழர்க்குப் புதிதன்று. குறுங்காற்சட்டையைக் குறிக்கச் சல்லடம் என்னும் சொல் வழங்கிற்று. எனினும் கடல்வழியும் ஆட்சிவழியும் வந்த பெயர்கள் அதனைப் பின்தள்ளின. போர்ச்சுகீசியச் சொல்லினின்று பிறந்த களிசான் ஈழத் தமிழில் நிலைத்தது. இக்கரையில் நிஜாரும் டிராயரும் பரவின. வணிகரைக் குறித்த குசராத்திச் சொல் ஐரோப்பியர் நாவில் உடைப்பெயராகித் திரும்பிப் பனியன் ஆயிற்று. 1920களில் திருப்பூரில் பின்னலாடைத் தொழில் தோன்றியபின் அப்பெயர் நாடெங்கும் வேரூன்றியது.

1920ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம், 1923இல் திறக்கப்பெற்ற திருநெல்வேலி–திருச்செந்தூர் இருப்புப்பாதை, ஆலைத்துணி, தையற்பொறி ஆகியவை தைத்த உடையைச் சிற்றூர்க்கும் அணுக்கமாக்கின. ஆயினும், பொருள்வளம் உடையார் இல்லத்தில் முன்னும் கூலியாளர் இல்லத்தில் பின்னுமாகவே அது புகுந்தது என்பதை மறத்தலாகாது. பள்ளி வாயிலில் இவ்வேறுபாடு சிறுவன் உடலிலேயே புலப்பட்டிருக்கும்.

நாடாவும் நெகிழ்பட்டையும் வந்தபின் அரைஞாணின் பயன் ஒழிந்தது. வழக்கமோ இன்றும் ஒழியவில்லை. சல்லடத்தின் நிலை இதற்கு மறுதலை: பொருள் எங்கும் உளது, சொல்லோ நெல்லை நாட்டில் சுடலைமாடன் கோயிற் சாமியாடியின் உடைப்பெயராக ஒதுங்கிற்று. அன்றாட வழக்கு கைவிட்டதனை வழிபாடு பேணிற்று. ஆதலின், உடைச்சொற்களை ஆராயும் மாணாக்கர் அகராதியோடு அமையாது, கோயிற் கொடைகளையும் சென்று காணல் வேண்டும்.