வடிகட்டிய நீரும் வருமுன் காத்த அறமும்

நீரைத் துணியால் வடிகட்டிப் பருகுதல் சமண இல்லறத்தார் வழிவழியாகப் போற்றிவரும் ஒழுக்கம். நீர்வாழ் சிற்றுயிர்களுக்கு ஊறு நேராமை அதன் நோக்கம். அதே செயலையே நோய்த்தடுப்பு முறையாகக் கொண்டு, பல நாட்டு மக்களை ஒரு கொடுநோயினின்று காத்த அறநிலையம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள கார்ட்டர் மையமே அது.

நம் முன்னோர் நரம்புச் சிலந்தி என்றழைத்த நோய், குளத்து நீரால் வருவது. நோய்ப்புழுவின் குஞ்சுகளைத் தாங்கிய நீர்த்தெள்ளுகள் குடிநீருடன் உடலுட் சென்றால், ஓராண்டளவில் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளப் புழு காலில் கொப்புளம் உண்டாக்கி வெளிப்படும். எரிச்சல் தாளாது நோயாளி நீரில் காலை நனைப்பார். புழு மீண்டும் அந்நீரில் குஞ்சுகளை விடும். இந்நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை. தீர்க்கும் மருந்தும் இல்லை. உழவுக் காலத்தில் குடும்பமே படுக்கையில் வீழ்ந்து, விளைநிலம் தரிசாய்க் கிடந்த ஊர்கள் பல.

குடியரசுத் தலைவர் பதவியினின்று நீங்கிய ஜிம்மி கார்ட்டர், துணைவியார் ரோசலினுடன் 1982-இல் இம்மையத்தை நிறுவினார். 1986-இல் நரம்புச் சிலந்தி ஒழிப்புப் பணியில் அது தலைப்பட்டபோது, 21 நாடுகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 35 இலட்சம் பேர் இந்நோயால் வருந்தினர். பெரியம்மை ஒழிப்பில் அனுபவம் பெற்ற மருத்துவர் டொனால்டு ஹாப்கின்ஸ் இப்பணியை நெறிப்படுத்தினார்.

மையம் பெரிய மருத்துவமனைகளைக் கட்டவில்லை. அந்தந்த ஊராரையே தொண்டர்களாகப் பயிற்றியது. நீரை வடிகட்ட வீடுதோறும் துணி வழங்கியது. மேய்ச்சலுக்குச் செல்வோர்க்குக் கழுத்தில் தொங்கவிடும் வடிகுழாய் தந்தது. புழு வெளிப்பட்டவரை நீர்நிலையில் இறங்காது காத்தல், வேண்டிய இடங்களில் குளத்து நீரில் மருந்திடல் ஆகியனவும் நடந்தன. எல்லாவற்றினும் மேலாக, நோயாளிகளை ஊர்வாரியாகக் கணக்கெடுத்து, எங்கே குறைந்தது, எங்கே குறையவில்லை என்பதை இடைவிடாது ஆராய்ந்தனர். கொடுத்த துணியின் அளவை அன்று, குறைந்த நோயின் அளவையே பணியின் பயனாகக் கொண்டமை இவ்வறத்தின் சிறப்பு.

இடர்களும் குறைவல்ல. 1995-க்குள் நோயை ஒழிப்பதென்ற உலக நல்வாழ்வுப் பேரவையின் குறிக்கோள் நிறைவேறவில்லை. சூடானில் உள்நாட்டுப் போர் பணியைத் தடுத்தது. அவ்வாண்டில் கார்ட்டரே இருதரப்பாருடனும் பேசிப் போர்நிறுத்தம் பெற்றார். ஏறத்தாழ ஆறு மாதம் நீடித்த அமைதியில் தொண்டர்கள் ஊர்களுக்குட் சென்றனர். பின்னர்ச் சாடு நாட்டில் நாய்களிடமும் இந்நோய் காணப்பட்டுப் புதிய சிக்கலாயிற்று.

இந்தியா தன் அரசுத் திட்டத்தால் 1996-இல் இறுதி நோயாளியைக் கண்டு, 2000-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் சான்று பெற்றது. உலகெங்கும் 2024-இல் பதிவானோர் 15 பேரே. அவ்வாண்டின் இறுதியில் நூறு வயதில் மறைந்த கார்ட்டர், நோய் முற்றும் ஒழிந்ததைக் காணவில்லை. எனினும், எஞ்சியோர் சிலரே என்று மையம் பணியைக் கைவிடவில்லை.

தானம் நான்கனுள் ஔடத தானம் நோயுற்றார்க்கு மருந்தளிப்பது. அபய தானம் அச்சம் நீக்கிக் காப்பது. நோய் வருமுன் தடுக்கும் அறத்தில் இவ்விரண்டும் ஒன்றாகின்றன. அதனாற் காக்கப்பட்டவர் தாம் காக்கப்பட்டதை அறியார். நன்றி கூறவும் வாரார். அந்நன்றியை எதிர்பாராது, கணக்கில் ஒருவரும் எஞ்சாத நாள்வரை தொடர்வதே அவ்வறத்தை மேற்கொள்வோர் கடன்.