இடிதாங்கி என்ன விலை?

விற்கிற சாமான்களுக்குள் இடிதாங்கி ஒரு விசித்திரமான சாமான். குடை வாங்கினால் அடுத்த மழையிலேயே அதன் யோக்கியதை தெரிந்துவிடும். இடிதாங்கி வாங்கியவரோ இருபது வருஷம் கழித்தும், கொடுத்த பணத்துக்கு ஏதாவது கிடைத்ததா என்று சொல்ல முடியாது. இடி விழாமலே இருந்தால் பணம் தண்டம். விழுந்தால்தான் லாபம், அந்த லாபத்தை யார் விரும்புவார்கள்? வீடு கட்டுகிறவர்கள் செலவுக் கணக்கில் எதையாவது குறைத்தே ஆகவேண்டும் என்று உட்கார்ந்தால், இந்த வரியை அடிக்கக் கை கூசுவதில்லை.

இந்தச் செலவு அவசியந்தானா என்ற கேள்விக்கு இருநூறு வருஷத்துக்கு மேல் வயதாகிறது. அதை ஒளிவு மறைவில்லாமல் கேட்டவர்களில் ஒருவர், இடிதாங்கியைக் கண்டுபிடித்த பெஞ்சமின் பிராங்க்ளினேதான். தன் சரக்கைப் பற்றித் தானே இப்படிக் கேட்டுக்கொள்கிற மனிதரை நாம் அடிக்கடி பார்ப்பதில்லை.

பிராங்க்ளின் பிலடெல்பியாவில் அச்சுக்கூடம் நடத்தியவர். வருஷா வருஷம் ஒரு பஞ்சாங்கம் போட்டு விற்றவர். 1753-ம் வருஷத்துப் பஞ்சாங்கத்தில், வீடுகளை இடியிலிருந்து காப்பாற்றும் வழியைச் சமையல் குறிப்பு மாதிரி சொல்லிவிட்டார். ஆணி செய்கிற கொல்லர்களிடம் இருக்கும் மெல்லிய இரும்புக் கம்பி ஒன்று. அதன் ஒரு முனை ஈர மண்ணுக்குள் மூன்று நான்கு அடி போக வேண்டும். மறுமுனை வீட்டின் உச்சிக்கு மேலே ஆறு முதல் எட்டு அடி நிற்க வேண்டும். அதன் தலையில் பின்னல் ஊசிக் கனத்தில், கூராகச் சீவிய பித்தளைக் கம்பி ஓர் அடி. சுவரோடு பிடித்துக்கொள்ள நாலைந்து இரும்புக் கொக்கிகள். தீர்ந்தது. இதற்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை. எந்தக் குடியானவனும் கொல்லனிடம் போய்ச் செய்துகொள்ளலாம்.

ஆக, விலை பெரிய சங்கதியே அல்ல. சங்கதி வேறு இடத்தில் இருந்தது.

1752-ம் வருஷம் செப்டம்பரில் பிராங்க்ளின் தம் வீட்டிலேயே ஒரு கம்பியை நிறுத்தினார். சாதாரண மனிதராக இருந்தால் அதைச் சுவருக்கு வெளியே இறக்கியிருப்பார். இவர் ஆராய்ச்சிக்காரர் அல்லவா? புகைபோக்கியிலிருந்து மாடிப்படி வழியாக வீட்டுக்குள்ளேயே இறக்கினார். படுக்கை அறை வாசலுக்கு நேரே கம்பியை வெட்டி, ஆறு அங்குலம் இடைவெளி விட்டு, இரு முனைகளிலும் சின்ன மணிகளை வைத்தார். நடுவே பட்டு நூலில் ஒரு பித்தளைக் குண்டு. மின்சாரம் நிறைந்த மேகம் வீட்டுக்கு மேலே வந்தால் குண்டு இங்கும் அங்கும் ஆடி மணி அடிக்கும். ஒரு நாள் இரவு படீர் படீர் என்ற சத்தம் கேட்டு எழுந்து கதவைத் திறந்தால், மணிக்கு மணி விரல் பருமனுக்கு வெள்ளை நெருப்பு ஓடிக்கொண்டிருந்தது. கீழே கிடக்கும் குண்டூசியைப் பொறுக்கலாம் போல மாடிப்படி முழுதும் வெளிச்சம்.

அவருக்குப் பரம சந்தோஷம். அவர் மனைவி டெபோராவுக்கு? கதை எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் என் யோசனை அந்த அம்மாள் பக்கந்தான் போகிறது. 1757-ல் கணவர் லண்டனுக்குக் கப்பல் ஏறிவிட்டார். மணிகள் வீட்டிலேயே இருந்தன. இடி மழை வரும்போதெல்லாம் அவை கணகணவென்று அடிக்க, அந்த அம்மாள் அவற்றோடு தனியாகக் குடித்தனம் பண்ணினார். 1758-ல் லண்டனிலிருந்து கணவர் எழுதினார்: பயமாக இருந்தால் ஒரு மணிக்கும் மற்றதற்கும் நடுவே கம்பியைக் கட்டிவிடு, மின்சாரம் சத்தமில்லாமல் போய்விடும் என்று. ஆறு வருஷம் மணி அடித்த பிறகு வந்த யோசனை!

இந்த வீட்டு விவகாரம் அவர் மனத்தில் எங்கோ பதிந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். 1760-ல் பிலடெல்பியாவில் வெஸ்ட் என்ற வியாபாரியின் வீட்டில் இடி விழுந்தது. கம்பியின் பித்தளை நுனி உருகியதே தவிர வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. நண்பர் கின்னர்ஸ்லி அதைச் சோதித்துப் பார்த்து லண்டனுக்கு எழுதினார். வெற்றிச் செய்தி, வேறொருவராக இருந்தால் தம்பட்டம் அடித்திருப்பார். பிராங்க்ளின் 1762-ல் எழுதிய பதிலில் கணக்குப் போடுகிறார். லட்சத்தில் ஒரு வீடுகூட இடியால் அழிவதில்லை என்று கணக்கர்கள் சொல்லலாம், அதற்காகக் காசு செலவழிப்பது வீண் என்றும் சொல்லலாம் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் சில கட்டிடங்கள் மற்றவற்றைவிட அதிகமாக இடிக்கு முகம் கொடுத்து நிற்கின்றன. சில மனிதர்கள் தூரத்தில் உறுமினாலே நடுங்குகிறார்கள். இடி ஆயுளில் ஒரு முறை விழுமோ என்னவோ, பயம் நூறு முறை வருகிறது. அந்த நூறு பயத்தையும் போக்குவதே பெரிய உபகாரம் என்கிறார்.

நம் பாட்டிமார் இந்த உபகாரத்தைச் செலவில்லாமலே செய்துகொண்டார்கள். "அர்ஜுனா, அர்ஜுனா" என்றால் போதும். ஐரோப்பாவில் மாதா கோவில் மணியை அடித்து இடியை விரட்டப் பார்த்தார்கள். ஊரிலேயே உயரமான கோபுரத்தின் அடியில் நின்று ஈரக் கயிற்றைப் பிடித்து இழுத்ததில், மணி அடித்தவர்கள் பலர் செத்தார்கள். அர்ஜுனன் அந்த விதத்தில் எவ்வளவோ மேல்.

பிராங்க்ளின் கணக்கில் ஒரு பற்று விட்டுப்போயிற்று: அடுத்த வீட்டுக்காரர். பிரான்ஸில் ஸாந்த்-ஓமேர் என்ற ஊரில் விஸெரி என்று ஒரு பழைய வக்கீல். விஞ்ஞானப் பித்து. 1780-ல் தம் வீட்டுப் புகைபோக்கியின் மேல் கம்பி நட்டு, நுனியில் தங்க முலாம் பூசிய கத்தி அலகு ஒன்றைச் செருகினார். அவருக்கு நிம்மதி வந்தது. தெருவுக்கு நிம்மதி போயிற்று. இவர் வானத்து இடியைக் கூப்பிட்டு எங்கள் தலையில் போடப் பார்க்கிறார் என்று அண்டை அயலார் மனுக் கொடுத்தார்கள். இருபத்துநாலு மணி நேரத்தில் கழற்று என்று ஊர் அதிகாரிகள் உத்தரவிட்டார்கள். விஸெரி அராஸ் நகரத்து மேல்கோர்ட்டுக்குப் போனார். இழுத்தடித்து 1783 மே 31-ல் அவருக்கு ஜயம். வாதாடியவர் இருபத்தைந்து வயது இளம் வக்கீல். அச்சிட்ட தம் வாதத்தை அப்போது பிரான்ஸில் அமெரிக்கத் தூதராக இருந்த பிராங்க்ளினுக்கே பெருமையோடு அனுப்பி வைத்தார். பெயர் ரோபெஸ்பியர். பயம் என்றால் என்ன என்று பத்து வருஷம் கழித்து பிரான்ஸ் முழுவதற்கும் கற்றுக் கொடுத்தவர்.

விஸெரி மறுவருஷமே காலமானார். கம்பியின் விலை எத்தனை, மூன்று வருஷ வியாஜ்யத்தின் விலை எத்தனை என்று எந்தக் கோர்ட்டுக்குப் போனவரும் சொல்வார்.

இன்று வீடு கட்டுகிறவருக்குப் பிராங்க்ளினின் கணக்கில் பாதி அப்படியே செல்லும். சுற்றிலும் உயர்ந்த கட்டிடங்கள் சூழ்ந்த வீடு வேறு. மேட்டிலோ வயல் நடுவிலோ தனியாக நிற்கும் வீடு வேறு. பின்னதற்கு நான் யோசிக்காமல் காசு கொடுப்பேன். மற்றப் பாதியைத் திருத்த வேண்டும். கூரான நுனி மேகத்தின் மின்சாரத்தைச் சத்தமில்லாமல் உறிஞ்சிவிடும் என்று அவர் நம்பினார், அது நடப்பதில்லை. விழுகிற இடியை மண்ணுக்குள் கொண்டுபோய் விடுவதே கம்பியின் வேலை. கூரையில் பளபளக்கிற நுனியைவிட, கண்ணுக்குத் தெரியாமல் புதைந்திருக்கிற அடி முனைக்குத்தான் பணம் செலவழிக்க வேண்டும். மின்சார வயர் வழியாக நுழைந்து டெலிவிஷனை எரிக்கிற அதிர்ச்சிக்கோ கூரைக் கம்பி மட்டும் போதாது. அதற்குத் தனிக் காப்பு வேண்டும்.

பிராங்க்ளின் பிற்பாடு சொந்தமாகக் கட்டிய வீட்டிலும் கம்பி வைத்தார். அவர் பிரான்ஸில் இருந்த காலத்தில் ஒரு நாள் அந்த வீட்டில் இடி விழுந்தது. ஊர் திரும்பிய பிறகு, வீட்டைப் பெரிதாக்குவதற்காகக் கம்பியை இறக்கிப் பார்த்தார். ஒன்பது அங்குலச் செம்பு நுனி கிட்டத்தட்ட முழுதும் உருகிப் போயிருந்தது. கண்டுபிடித்தவனுக்கும் கண்டுபிடிப்பு பயன்பட்டது என்று மிலான் நகரத்து விஞ்ஞானி லாண்ட்ரியானிக்கு 1787-ல் திருப்தியோடு எழுதினார். இடி விழுந்த அன்று, வீடு பற்றிக்கொண்டதோ என்று அண்டை வீட்டார் ஓடிவந்தார்களாம். வீட்டுக்குச் சேதம் ஒன்றுமில்லை. உள்ளே இருந்தவர்கள் மட்டும் வெகுவாகப் பயந்து போயிருந்தார்கள்.