சானடோரியம் ஸ்டேஷன்

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவுல வர்ற ஸ்டேஷன். மூணு வருஷமா மெப்ஸ் ஆபீசுக்கு தினம் அங்கதான் இறங்குறேன். சானடோரியம்னா என்னன்னு ஒரு நாள் கூட யோசிச்சதில்லை. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ பாட்டி "எங்கடா உனக்கு ஆபீஸ்?"னு கேட்டாங்க. சொன்னேன். முகம் மாறிடுச்சு. "எங்க பெரியண்ணன் அங்கதான் இருந்தாரு." என்ன வியாதின்னு கேட்டா பதில் இல்லை. 65 வருஷத்துக்கு மேல ஆகியும் அந்த வார்த்தை வாயில வரலை.

அப்புறம்தான் தேட ஆரம்பிச்சேன் மக்களே.

1928ல இந்த ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சது அரசாங்கம் இல்லை, சவுரிமுத்துன்னு ஒரு டாக்டர். ஆரம்பத்துல 12 படுக்கைதான். அதுக்கு முன்னாடி இங்கிலாந்துல, மெண்டிப் மலையில காசநோய் சானடோரியம் நடத்தினவர். நம்ம கணித மேதை ராமானுஜன் 1917ல உடம்பு முடியாம இவர்கிட்டதான் போய்த் தங்கினார். (ராமானுஜனுக்கு வந்தது டி.பி.யே இல்லை, ஈரல்ல அமீபான்னு 1994ல ஒரு டாக்டர் கட்டுரை எழுதினார். அதுக்குத் தனிப் பதிவு போடணும் :-))

டி.பி. கிருமியை ராபர்ட் கோக் 1882லயே கண்டுபிடிச்சாச்சு. ஆனா அதைக் கொல்ற ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1943ல. நடுவுல இருந்த 60 வருஷமும் வைத்தியம்னா பெரும்பாலும் சுத்தமான காத்து, ஓய்வு, நல்ல சாப்பாடு. அதனாலதான் ஊருக்கு வெளியே இருந்த தாம்பரம். காத்து கிருமியைக் கொல்லாது. ஓய்வும் சாப்பாடும் சிலருக்குத் தெம்பு கொடுத்துச்சு, நிறைய பேருக்குப் பத்தலை. 1937ல ஆஸ்பத்திரி அரசாங்கத்து கைக்குப் போச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுக்கப்புறம் நடந்ததுதான். 1956ல சேத்துப்பட்டுல ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சாங்க. சென்னையோட ஏழை நோயாளிகள்ல பாதிப் பேரை சானடோரியத்துலயும், மீதிப் பேரை அவங்க வீட்லயே வச்சும் ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தாங்க. 1959ல ரிசல்ட் வந்துச்சு. நெரிசலான வீட்டுல, அரைகுறை சாப்பாட்டுல இருந்தவங்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குணமாயிருக்கு! கூட இருந்த குடும்பத்துக்கும் அதனால கூடுதலா தொத்தலை. டி.பி. வந்தவங்களை வீட்டை விட்டுப் பிரிக்க வேண்டியதில்லைன்னு உலகத்துக்கே காட்டினது நம்ம சென்னை.

அதுக்காக தாம்பரம் ஆஸ்பத்திரி மூடிடலை. 1990கள்ல எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடவே பல இடங்கள்ல பயந்தப்போ, இங்க சேர்த்துக்கிட்டாங்க. 2004 ஏப்ரல்ல நாட்டுல இலவச ஏ.ஆர்.டி. மருந்து முதல்ல கொடுக்க ஆரம்பிச்ச ஆஸ்பத்திரிகள்ல இதுவும் ஒண்ணு.

அந்தக் காத்து மட்டும்தான் இப்ப இல்லை. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தா ஜிஎஸ்டி ரோட்டுப் புகை. 2022 ஏப்ரல்ல பெருங்குடி குப்பைமேடு நாள்கணக்குல எரிஞ்சதைத் தென்சென்னைக்காரங்க மறந்திருக்க மாட்டீங்க.

திரும்ப ஊருக்குப் போனப்போ சேத்துப்பட்டு கதையைப் பாட்டிகிட்ட சொன்னேன். "வீட்லயே வச்சிருக்கலாமா?"னு கேட்டாங்க. கொஞ்ச நேரம் பேசலை. பெரியண்ணன் குணமாகித்தான் வந்தாராம். ஆனா கடைசி வரைக்கும் யாரும் பொண்ணு கொடுக்கலையாம். அவர் குடிக்கன்னு தனியா வச்ச டம்ளர் இன்னும் பரண்ல இருக்காம்.